நான்காவது ஆளைத் தேடிய கார்கள்

வாஷிங்டன் நகரில் அலுவலகங்கள் விடும் நேரத்தில் 14-ஆம் தெருவின் நடைபாதையில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். பஸ்ஸுக்காக அல்ல. ஒரு கார் வந்து ஓரம் கட்டும். ஓட்டுகிறவர் கண்ணாடியை இறக்கி, வர்ஜீனியா புறநகரில் உள்ள ஒரு கார் நிறுத்துமிடத்தின் பெயரைச் சொல்வார். வரிசையின் முனையில் நிற்கும் இருவர் ஏறிக்கொள்வார்கள்; கார் கிளம்பிவிடும். ஏறியவர்களுக்கும் ஓட்டுகிறவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. காசு கைமாறாது. ‘ஸ்லக்கிங்’ என்று அந்த ஊரில் இதைச் சொல்கிறார்கள். இதை எந்த அதிகாரியும் திட்டமிடவில்லை, எந்த நிறுவனமும் தொடங்கவில்லை. ஆனால் அரசாங்கம் போட்ட ஒரு சாலை இல்லாமல் இது பிறந்திருக்கவும் முடியாது.

தனியாகக் கார் ஓட்டாதீர்கள் என்று அமெரிக்க அரசு தன் மக்களிடம் கேட்டுக்கொண்டது அதற்கு வெகுகாலம் முன்பே. இரண்டாம் உலகப் போரில் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. டயர் தேயாமல் இருக்க பெட்ரோலுக்கும் பங்கீடு போட்டார்கள். 1943-இல் ஒரு சுவரொட்டி வெளியானது. தனியே கார் ஓட்டிப்போகும் ஒரு மனிதர். அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஹிட்லரின் உருவக்கோடு. போர் நடந்தவரை இந்த மிரட்டலுக்கு மதிப்பு இருந்தது. 1945 ஆகஸ்டில் பெட்ரோல் பங்கீடு முடிந்தது. அதன்பின் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோயின, வீட்டுக்கு ஒரு கார் என்பது இரண்டானது, பக்கத்து இருக்கை மறுபடியும் காலியானது.

வாஷிங்டனுக்குத் தெற்கே வர்ஜீனியாவிலிருந்து நகருக்குள் வரும் பெரிய சாலை ஹென்றி ஷர்லி நினைவு நெடுஞ்சாலை. ராணுவத் தலைமையகமான பென்டகனை ஒட்டி வந்து பொட்டோமாக் ஆற்றைத் தாண்டும். அறுபதுகளில் காலை நேரத்தில் அதில் கார்கள் ஊர்ந்தன. அகலப்படுத்தும் வேலை நடந்தபோது, நடுவில் தனியாக இரண்டு தடங்கள் அமைத்தார்கள். காலையில் அவற்றில் நகரை நோக்கி மட்டும் போகலாம். மாலையில் திசை திரும்பிவிடும். 1969 செப்டம்பரில் அந்த நடுத்தடங்களைப் பஸ்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பஸ்ஸுக்கென்றே தடம் வந்தது அதுதான் முதல்முறை.

நெரிசலில் நகராமல் நிற்கும் கார்க்காரர்களின் கண்ணெதிரே பஸ்கள் பறந்துபோயின. மிரட்டியும் கெஞ்சியும் செய்ய முடியாததை இந்தக் காட்சி செய்தது. பஸ் என்றால் மெதுவானது, வேறு வழியில்லாதவர்கள் ஏறுவது என்ற எண்ணம் அந்தச் சாலையில் தலைகீழாகிவிட்டது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அந்த டிசம்பரில், நான்கு பேர் இருக்கும் கார்களும் நடுத்தடத்தில் போகலாம் என்று ஷர்லி சாலையில் அனுமதி கொடுத்தார்கள். அடுத்த மாதமே அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்று வேகத்துக்கு வரம்பு வைத்ததோடு, கூட்டாகக் காரில் போகும் திட்டங்களுக்குப் பணமும் ஒதுக்கியது. ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும், அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்துக்கொள்வார்கள் என்பதுதான் அதிகாரிகள் மனத்தில் இருந்த சித்திரம்.

அப்படிக் குழுக்கள் அமைந்தன. ஆனால் தினமும் நால்வரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும், ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற மூவரும் நெரிசலில் மாட்டுவார்கள். ஓர் ஆள் குறைகிற ஓட்டுநர் என்ன செய்வார்? போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களும் அதே பென்டகனுக்கோ நகருக்கோதான் போகிறார்கள். காரை நிறுத்தி, “வருகிறீர்களா?” என்று கேட்டால் போதும். ஏறுகிறவருக்குப் பஸ் கட்டணம் மிச்சம். ஓட்டுகிறவருக்கு அரை மணி, சில நாள் அதற்கும் மேல் மிச்சம். இரு பக்கமும் லாபம் இருந்ததால்தான் காசு கேட்கும் பேச்சே எழவில்லை. இப்படித்தான் எழுபதுகளின் நடுவில், பஸ்ஸுக்கான வரிசைக்குப் பக்கத்தில் காருக்கான வரிசை முளைத்தது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, அந்த வரிசையே உண்டாக்கிக்கொண்ட ஒழுங்கு. முதலில் வந்தவர் முதலில் ஏறுவார். ஏறியவர் தானாகப் பேச்சைத் தொடங்கமாட்டார். ஓட்டுகிறவர் பேசினால் பதில் சொல்வார். அரசியலும் மதமும் வேண்டாம். ரேடியோ ஓட்டுகிறவர் விருப்பம். கார் வந்துவிட்டது என்பதற்காக ஒரு பெண்ணை மட்டும் தனியாக வரிசையில் விட்டுவிட்டு ஏறக்கூடாது. இறங்கும்போது நன்றி சொல்ல வேண்டும். இவற்றை யாரும் சட்டமாக்கவில்லை. புதிதாக வருபவர் பார்த்துப் பழகிக்கொள்வார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு துணையும் இருந்தது. காலையில் அந்நியர் காரில் வந்தவருக்கு மாலையில் கார் கிடைக்காமல் போகலாம். அப்போது பஸ் இருக்கிறது. அந்தப் பஸ் ஓடாவிட்டால் தன் காரைப் புறநகரில் விட்டுவிட்டு வரும் துணிச்சல் யாருக்கும் வராது. ஸ்லக்கிங் பஸ் பயணிகளைப் பறிக்கிறது என்ற குறையில் உண்மை உண்டு. ஆனால் பஸ்ஸின் தோளில் நின்றுதான் அது வளர்ந்தது.

இதே விதை வேறோர் ஊரிலும் தானாக முளைத்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில், ஓக்லண்ட் பக்கத்திலிருந்து பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் அங்கும் பஸ் நிறுத்தங்களில் அந்நியர் கார்களில் ஏறினார்கள். அங்கே சுங்கச்சாவடி நெரிசலைத் தாண்டிப்போகத் தனித்தடம் இருந்தது. கூட்டாகப் போகும் கார்களுக்கு 2010 வரை சுங்கமும் கிடையாது.

லாஸ் ஏஞ்சலஸ் கதை வேறு. 1976 மார்ச்சில் சான்டா மோனிகா நெடுஞ்சாலையில், கார்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தடங்களில் ஒன்றை எடுத்து, பஸ்ஸுக்கும் மூன்று பேர் இருக்கும் காருக்கும் என்று ஒதுக்கினார்கள். பஸ்ஸில் கூட்டம் பெருகியது. ஆனால் மற்ற தடங்களில் நெருக்கப்பட்டவர்களின் கோபம் அதைவிடப் பெருகியது. வழக்குப் போட்டார்கள், ஆகஸ்டில் நீதிபதி நிறுத்திவைத்தார். ஷர்லி சாலையில் கொடுத்தது புதிதாகப் போட்ட தடம். இங்கே கையிலிருந்ததைப் பிடுங்கினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அதிகாரிகள் தவறு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. இடமில்லாத நகரத்தில் இருப்பதைத்தான் பங்குபோட முடியும். ஆனால் இழக்கிறவர்களை முதலில் தயார்படுத்தாமல் போனார்கள்.

1980 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் வேலைக்குப் போகிறவர்களில் 19.7 சதவீதத்தினர் காரைப் பகிர்ந்து போனார்கள். 2000-இல் அது 12.2 சதவீதமாகச் சுருங்கியது. தனியாக ஓட்டுகிறவர்கள் 75.7 சதவீதம் ஆனார்கள். பெட்ரோல் மலிவானது, வேலைகள் நகர மையத்தை விட்டுச் சிதறின. நாடெங்கும் பழக்கம் தேய்ந்த அந்த ஆண்டுகளில் ஷர்லி சாலையில் வரிசைகள் நிலைத்து நின்றன. 1989-இல் நான்கு பேர் என்ற விதி மூன்று பேரானது; தேட வேண்டிய அந்நியர் ஒருவர் குறைந்தார், அவ்வளவுதான். 2020-இல் கொரோனா வந்து அலுவலகங்கள் மூடியபோதுதான் நடைபாதைகள் வெறிச்சோடின.

அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், பென்டகன் பக்கத்து நடுத்தடங்கள் கட்டணத் தடங்களாயின. மூன்று பேர் இருந்தால் இன்றும் இலவசம். தனியாகப் போகிறவர் பணம் கட்டிப் போகலாம். முன்பு காசால் வாங்க முடியாத அந்த அரை மணி விலைக்கு வந்துவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே, வசூலிலிருந்து ஆண்டுக்கு 1.5 கோடி டாலராவது பொதுப் போக்குவரத்துக்கும் கூட்டுப் பயணத்துக்கும் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. வடக்கு வர்ஜீனியாவின் போக்குவரத்து ஆணையம் அந்தப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதில் ஓடுபவை பெரும்பாலும் பஸ்கள்.