அனந்தபுரி கண்ட கிண்ணம்

கிரிக்கெட்டுக்கு ரஞ்சிக் கிண்ணம் எப்படியோ, கால்பந்துக்குச் சந்தோஷ் கிண்ணம் அப்படி. அஃது இன்பத்தைக் குறிக்கும் பெயரன்று. இன்று வங்கதேசத்தில் உள்ள சந்தோஷ் என்னும் ஜமீனின் அதிபர் மன்மதநாத ராய் சௌத்ரியின் நினைவாக எழுந்த பெயர். மாகாணங்கள் தம்முள் மோதும் இப்பந்தயம் 1941 இல் கல்கத்தாவில் தொடங்கிற்று.

1956-57 ஆம் ஆண்டுப் பந்தயம் நம் திருவனந்தபுரத்தில் நடைபெற்றது. அதே 1956 நவம்பர் 1 அன்றுதான் கேரளம் பிறந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. உறவினர் எல்லைக்கு இருபுறமும் பிரிந்த அந்த நாள்களை நம் குடும்பங்களில் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இறுதியில் பம்பாயை 4-1 என வென்று கிண்ணத்தை ஏந்தியது ஐதராபாத். பயிற்றுவித்தவர் பெரும்புகழ் பெற்ற ரஹீம் அவர்கள். அவ்வணியில் துளசிதாஸ் பலராம் என்ற இளைஞரும் இருந்தார். செகந்திராபாத்தை அடுத்துப் பிறந்த அவர், தமிழ்ப் பெற்றோரின் மகன்! 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் ஆடினார். புலம்பெயர்ந்த குடியின் பிள்ளை, வாழவந்த மண்ணுக்காக ஆடி வென்றதில் நமக்குச் சற்றே பெருமிதம் உண்டு, மறைப்பானேன்?

பந்தயத்தை நடத்திய மண்ணுக்கோ கிண்ணம் கிட்டவில்லை. ஆற்றல் இல்லாமல் அன்று. ஆற்றல் உடையோர் பிழைப்பைத் தேடி வெளியேறினர். இரிஞ்ஞாலக்குடாவில் பிறந்த ஓ. சந்திரசேகரன் பம்பாயில் கால்டெக்ஸ் அணியில் ஆடி, 1963 இல் மகாராஷ்டிரத்துக்குத் தலைமை தாங்கி இதே கிண்ணத்தை வென்றார். ஊரில் சோறு போடும் வேலை இருந்தால் ஆட்டக்காரன் ஏன் போகிறான்? இவ்வுண்மையைத் தொழிற்சாலைகள் உணர்ந்தன. ஆலுவாவின் ஃபாக்ட், களமசேரியின் பிரீமியர் டயர்ஸ், நம் நகரத்து டைட்டானியம் ஆகியவை ஆட்டக்காரர்களுக்கு வேலை அளித்து அணிகளை வளர்த்தன. விளையாட்டுக் கவுன்சிலை நிறுவி மைதானங்களுக்காக ஓயாது உழைத்தவர் கர்னல் கோதவர்மராஜா.

பலன் 1973 இல் கனிந்தது. எறணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் டிசம்பர் 27 அன்று இறுதி ஆட்டம், எதிரணி இரயில்வே. கேரளம் 3-2 என வென்றது. மூன்று கோல்களையும் போட்டவர் அணித்தலைவர் மணி ஒருவரே! டைட்டானியத்தின் நஜிமுதீனும் அவ்வணியில் ஆடினார். பயிற்றுவித்தவர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய சைமன் சுந்தரராஜ். பெயரிலேயே தமிழ் மணக்கிறது. எல்லைக்கோடு வகுத்துப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின், கேரளத்தின் முதல் வெற்றிக்கு வழிகாட்டியவர் ஒரு தமிழர் என்பதை மலையாள அன்பர்களும் இன்றளவும் மனமுவந்து கூறுவர். மறுநாள் மாநிலத்துக்கே விடுமுறை.

அந்தோ, கோதவர்மராஜா அதனைக் காணவில்லை. 1971 ஏப்ரலில் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பிறந்த அக்டோபர் 13 ஆம் நாளே இங்கு விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இரண்டாம் முறை கேரளம் வெல்ல 1992 வரை காத்திருக்க நேர்ந்தது. கோவாவை 3-0 என வீழ்த்திய அந்த ஆட்டம் நடந்த இடம், தமிழ் மண்ணாகிய கோயம்புத்தூர். பயிற்சியாளர், மணியின் அணியில் துணைத்தலைவராயிருந்த ஜாபர்.