மரக்காலும் கையெழுத்தும்

தஞ்சையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரிய கோயிலின் விமானத்திலிருந்து தொடங்குவது மரபு. இக்கட்டுரைக்கு அவ்வளவு உயரம் வேண்டியதில்லை. களத்துமேட்டில் கிடந்த மரக்கால் ஒன்றே போதும்.

பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். காவிரிப் படுகையில் குத்தகையும் கோயிற்படியும் கடனும் கூலியும் அந்தக் கணக்கிலேயே நடந்தன. 6⅔ ஏக்கர் கொண்டது ஒரு வேலி. நூற்றுக்கணக்கான வேலிகளை ஆண்ட குடும்பங்களும் மடங்களும் இருந்தன. நெல் விளைவித்தல் அங்கே முதலீடும் ஆட்களும் கணக்குப்பிள்ளையும் கொண்ட பெருந்தொழிலாகவே நடந்தது. ஆளை நடத்தும் முறை, பொறுப்பை ஏற்கும் முறை என்று இன்று நிருவாகவியல் நூல்கள் பேசும் இரண்டும் அக்களத்தில் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதை நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் எண்ணிப் பார்ப்பது தகும்.

அடிமை முறைக்குச் சட்டம் அளித்துவந்த ஏற்பு 1843-ல் நீங்கியது. ஆயினும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாங்கிய கடன், குடியிருந்த மனை, வழிவழி வந்த சொல் ஆகியவை பண்ணையாளை மிராசுதாரின் வாசலிலேயே கட்டிவைத்தன. அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். விடுதலை வேண்டியவர்க்கு நாகப்பட்டினம் துறைமுகமே வழியாக இருந்தது. பினாங்குக்குக் கப்பலேறிப் போனவர் பலர். மலாயாவுக்குக் கூலியாட்களை உதவியளித்து அனுப்புவதை இந்திய அரசு 1938-ல் தடைசெய்தபின் அந்த வாயிலும் அடைபட்டது.

இதற்குள் மிராசுதார் குடும்பங்களில் பல, வழக்கறிஞர் தொழிலையும் அரசுப் பணியையும் நாடிக் கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் பெயர்ந்துவிட்டிருந்தன. நிலம் காரியஸ்தர் கைக்கு வந்தது. அவர் சொல்லுக்கு ஆளடிமை அஞ்சினான். அவர் செயலுக்கு ஆண்டையோ பொறுப்பேற்கவில்லை. குறைத்து அளந்தவர் யார், அடிக்கச் சொன்னவர் யார் என்று கேட்டால், விடை ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கும். கொடுமைக்குக் கொடியவர் தேவை என்று நாம் எண்ணுகிறோம். பல வேளைகளில் பொறுப்பாளர் இல்லாமையே போதுமானதாகிவிடுகிறது. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுதலும் தண்டனைகளாக சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு அருகிலும் வழங்கின என்றால், நெஞ்சு நடுங்கத்தான் செய்கிறது.

கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்த பி. சீனிவாசராவ் 1943-ஐ ஒட்டிப் பொதுவுடைமைக் கட்சியின் பணியாளராகக் கீழைத் தஞ்சைக்கு வந்தார். மன்னார்குடிப் பகுதியில் தென்பரையில் முதல் விவசாயிகள் சங்கம் எழுந்தது. அச்சங்கங்கள் வைத்த கோரிக்கைகளைப் படிப்பவர் வியக்கும் ஒன்று உண்டு. நிலத்தைப் பிரித்துக் கொடு என்பது அவற்றில் முதலாவதன்று. அடிக்காதே, சாணிப்பால் கொடுக்காதே, முத்திரையிட்ட மரக்காலால் அள. வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி கொடுக்கும்போது வேறொரு மரக்கால் என்பதை அறிந்தவர்களுக்கே அக்கடைசிக் கோரிக்கையின் கனம் விளங்கும்.

1944-ல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் அதிகாரிகள் முன்னிலையில் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. 1948-ல் மாயூரத்தில் இன்னொன்று. கூலியில் கிடைத்த உயர்வு பெரிதில்லை. ஆனால், காரியஸ்தரின் மறைவிலிருந்து வெளிவந்து, தன் ஆளின் எதிரே அமர்ந்து, தன் பெயரை மிராசுதார் தாளில் எழுத நேர்ந்தது. கருணையாக இருந்தது கடமையாக மாறிய இடம் அதுவே என்பது என் கருத்து. பொங்கலுக்கு வேட்டி கொடுத்த நல்ல மிராசுதார்கள் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுக்காத ஆண்டில் அதனைக் கேட்கும் உரிமை எவருக்கும் இருந்ததில்லை.

களப்பால் குப்பு 1948-ல் திருச்சிச் சிறையில் மாண்டார். போராட்டம் ஓயவில்லை. 1952 ஆகஸ்டில் இராஜாஜியின் அரசு தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது; பண்ணையாளைக் காரணமின்றி நீக்கலாகாது என்றது; சாகுபடியாளருக்கு விளைவில் 40 விழுக்காடு என்றது. தம் கட்சியின் நிலவுடைமையாளர்களே கசந்துகொள்ள, பொதுவுடைமையினரின் பகைவராகப் பெயர்பெற்ற முதலமைச்சர் இதைச் செய்தார். தலைமைக்கு இதுவும் ஓர் அடையாளம். விளைவு முற்றும் இனிதாகவில்லை. பண்ணையாள் என்றால்தானே சட்டம் என்று பலர் ஆட்களை நீக்கி, அன்றாடக் கூலிகளாக்கிக்கொண்டனர். இன்றைய ஒப்பந்தத் தொழிலாளர் முறையைக் கண்டிருப்பவர்க்கு இந்த உத்தி புதிதாகத் தோன்றாது.

1960-களின் பிற்பகுதியில் பூசல் மீண்டும் மூண்டது. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் நிலவுடைமையாளர்கள் ஒன்றுகூடி, வெளியூர் ஆட்களை இறக்கினர். தனி ஒருவர் தயங்கும் செயலைச் சங்கம் என்ற பெயர் எளிதாக்கிவிடும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூலி உயர்வும், செங்கொடியை இறக்க மறுத்ததும் பின்னணி. நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970-ல் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் 1973-ல் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வர்கள் தாமே நடந்துவந்து தீவைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்ற பொருள்பட அத்தீர்ப்பு அமைந்தது. காரியஸ்தரின் முதுகுக்குப் பின் நின்ற பழைய ஆண்டையின் நிழல் தீர்ப்பின் வரிகளிலும் விழுந்திருப்பதைக் காண்கிறோம். கணபதியா பிள்ளை ஆணையத்தின் பின், 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

வெண்மணிச் செய்தி கேட்டு வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இப்பகுதியிலேயே தங்கினார். 1981-ல் ‘லாப்டி’ இயக்கத்தைத் தொடங்கி, நிலவுடைமையாளரையும் நிலமற்றோரையும் எதிரெதிரே அமர்த்தி விலை பேசினார். ஆயிரக்கணக்கான ஏக்கர் கைமாறியது. பத்திரம் பெண்களின் பெயரில் பதிவாயிற்று.

மரக்கால் இன்று களத்தில் இல்லை. அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. நேரடிக் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல்லைக் குவித்து, மழைக்கு அஞ்சித் தார்ப்பாய் போர்த்திக் காத்திருப்பவர்களுள் மிராசுதார் வழியினரும் உண்டு, பண்ணையாள் வழியினரும் உண்டு. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதா, 40 கிலோ மூட்டைக்கு எவ்வளவு கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்பதே இருவர் பேச்சும். எடை சரியாக இருக்கவேண்டும் என்று இப்போது இருவரும் சேர்ந்தே மனு எழுதுகிறார்கள்.