மண்டபம் கரையின் தகர வில்லை

சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ்களைச் சேகரிப்போர் தங்கள் பொருளின் வரலாற்றைப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே தொடங்குகின்றனர். 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது அவருடைய ஆதரவாளர்கள் மேலங்கியில் தைத்துக்கொண்ட பித்தளைப் பொத்தான்களும், 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனின் முகத்தை மெல்லிய இரும்புத் தகட்டில் ஒளிப்படமாகப் பதித்து விற்ற வில்லைகளும் அதன் முன்னோடிகள். ஆயினும் இன்று பேட்ஜ் என்றவுடன் நினைவுக்கு வரும் வடிவம் 1896இல்தான் நிலைபெற்றது. அவ்வாண்டு நியூஜெர்சி மாநிலத்து நியூவர்க் நகரின் ஒயிட்ஹெட் அண்டு ஹோக் நிறுவனம், அச்சிட்ட காகிதத்தின்மேல் செல்லுலாய்டு என்னும் கண்ணாடி போன்ற மெல்லேட்டைப் போர்த்தி, இரண்டையும் ஓர் உலோகக் கிண்ணத்தின் விளிம்போடு அழுத்தி மடித்து, பின்புறத்தில் கம்பி ஊக்கு ஒன்றைச் செருகும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அதே ஆண்டு மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் இடையே நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் இரு தரப்பாரும் அந்தப் பொத்தான்களைப் பெருந்தொகையாக வழங்கினர். ஒரு வேட்பாளரின் முகத்தை மார்பில் சுமப்பது கூலிக்காரனுக்கும் கட்டுப்படியாகும் செயலாயிற்று.

இந்த வரலாறு பிழையன்று. ஆனால் பாதி வரலாறு. அணிபவர் தம் விருப்பத்தால் தம் கையாலேயே குத்திக்கொள்ளும் அடையாளத்தைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. பிறர் அணிவிக்கும் அடையாளத்துக்கு அதைவிட நீண்ட மரபு உண்டு. கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்துச் சேவகனின் டவாலியில், அதாவது தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக வரும் பட்டையில், பொருத்தப்பட்ட பித்தளை வில்லை அவன் எந்த அதிகாரியின் ஆள் என்பதைக் காட்டிற்று. ரயிலடிச் சுமை தூக்குவோரின் எண் பொறித்த வில்லை, பெட்டியைத் தூக்கியவர் யார் என்று பயணிக்கும் நிர்வாகத்துக்கும் தெரிவித்தது. இவ்வகை வில்லைகளுள் மிக எளியதும் மிகப் பெரிய மக்கள் நகர்வோடு தொடர்புடையதுமான ஒன்று இராமநாதபுரம் கடற்கரை வழியாகச் சென்றது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் கழுத்தில் கயிற்றில் தொங்கிய தகர டிக்கட் அது. அமெரிக்கப் பொத்தானுக்கும் அதற்கும் வயது வேறுபாடு ஐந்தாறு ஆண்டுகளே.

அந்தத் தகரத்துக்கு முன்பே வழி இருந்தது. 1830களில் கண்டி மலைப்பகுதியில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியபோது இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து ஆட்கள் பழ அறுவடைக்காகச் சென்று, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். கண்மாய் நிறைந்தால் விளைச்சல், நிறையாவிட்டால் பஞ்சம் என்றிருந்த இராமநாதபுரம் சீமையில் கண்டிச் சீமைக்குப் போவது பஞ்ச காலத்தின் வழக்கமான முடிவுகளுள் ஒன்றாயிற்று. சேது யாத்திரை செல்வோருக்காகச் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராத்திய மன்னர்களும் கட்டிவைத்த சத்திரங்கள் நின்ற அதே கடற்கரையில், தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் ஆகிய துறைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டு வழியே நடந்தனர். நீரில்லாத நெடுந்தொலைவும் காலராவும் காய்ச்சலும் அந்த வடக்கு வழியைப் பிணங்களின் வழியாக்கின. 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்து, அதன் இடத்தில் தேயிலை வந்தபோது தேவையின் தன்மையே மாறிற்று. காப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். ஆகவே குடும்பத்தோடு வந்து லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகளில், தங்கும் ஆட்களைத் தோட்டத்துரைகள் தேடினர்.

ஆட்களைத் திரட்டியவர் கங்காணி. ஆள்கட்டும் செலவுக்கென்று துரை கொடுத்த முன்பணத்தோடு அவர் தம் ஊருக்கு வந்து, உறவினரையும் சாதியாரையும் அண்டை ஊராரையும் சேர்த்து அழைத்துச் சென்றார். வழிச்செலவு, சோறு, துணி, ஊரில் தீர்க்க வேண்டிய பழங்கடன் யாவும் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதப்பட்டன. இந்த ஏற்பாட்டில் தோட்டக்காரர்களுக்கு இரண்டு குறைகள் தெரிந்தன. ஒன்று, ரொக்கமாகக் கொடுத்த முன்பணம் கங்காணியின் கையிலேயே கரைந்துபோகக்கூடும். மற்றொன்று, ஒரு தோட்டத்தின் செலவில் புறப்பட்ட ஆட்களை வழியில் தங்குமிடங்களிலும் ரயிலடிகளிலும் வேறு தோட்டத்துக் கங்காணிகள் ஆசைகாட்டி இழுத்துக்கொண்டு போயினர். மனிதரைக் களவு கொடுத்ததாகத் துரைகள் அலறினர் என்பது அந்தக் காலத்தின் மனநிலையைக் காட்டும். போகுமிடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை நடந்து செல்பவருக்கு உண்டு என்ற எண்ணம் அந்த அலறலில் எங்கும் இல்லை.

20ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது இவ்விரு குறைகளுக்கும் மாற்றாகக் கொண்டுவரப்பட்டதே தகர டிக்கட் முறை. அதன் இயக்கம் எளியது. ஒவ்வொரு தோட்ட மாவட்டத்துக்கும் ஓர் எழுத்தும், ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் எண்ணும் ஒதுக்கப்பட்டன. அவ்விரண்டையும் பொறித்த சிறு உலோக வட்டுகளைத் தோட்ட நிர்வாகம் தன் கங்காணியிடம் கொடுத்தனுப்பியது. கங்காணி சேர்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டு வழங்கப்பட்டது. வட்டை அணிந்தவர் கையில் காசின்றியே கப்பலிலும் ரயிலிலும் ஏற்றப்பட்டு, இடைத்தங்கல்களில் சோறு கொடுக்கப்பட்டு, வட்டில் கண்ட தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். ஆன செலவை அரசு அலுவலர்கள் அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதிப் பின்னர் பெற்றுக்கொண்டனர். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரைப் பல கைகள் மாற்றிப் பல நூறு கல் தொலைவு பிசகின்றிச் சேர்ப்பிக்கும் கருவி என்ற அளவில் இது தபால் பொட்டலத்தின் மேல்விலாசத்தை ஒத்தது. வட்டில் எழுத்து இருந்தது, எண் இருந்தது. அணிந்தவரின் பெயர் இல்லை. பொட்டலம் யாருக்குச் சேர வேண்டும் என்பதுதான் விலாசத்தின் வேலை.

நிர்வாக நோக்கில் பார்த்தால் முறை வெற்றி பெற்றது என்றே சொல்ல வேண்டும். கங்காணியின் கையில் ரொக்கம் குறைந்தது. வழியில் ஆளிழுப்போருக்கு வேலை கடினமாயிற்று. நடையாலும் பசியாலும் சாவோர் தொகை முந்தைய வடக்கு வழியோடு ஒப்பிடத்தக்கதாக இல்லை. 1904இல் தோட்டக்காரர்கள் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு சிலோன் லேபர் கமிஷன் என்னும் ஆள்சேர்ப்பு நிறுவனத்தை அமைத்தபின் ஏற்பாடு மேலும் ஒழுங்குபட்டது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டபின்னும், செலவு அனைத்தும் கடைசியில் தொழிலாளியின் கடனாகவே முடிந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இலவசப் பயணம் என்ற சொல் ஏமாற்றும்.

பிளேக் அச்சத்தாலும் காலராவாலும் வடக்கு வழி அடைபட்டு, பயணம் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் வழிக்கு மாறியிருந்த இடைக்காலத்தில் இராமநாதபுரம் கரை ஒதுங்கி நின்றது. அது மீண்டும் முதன்மை பெற்றது 1914இல். அவ்வாண்டு பிப்ரவரியில் பாம்பன் கால்வாயின் மேல் ரயில் பாலம் திறக்கப்பட்டது. மார்ச்சு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தென்னிந்திய ரயில்வேயின் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. அக்கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் எனும் வைஸ்ராய்களின் பெயர்களைத் தாங்கின. பாலத்துக்கு இப்பால், பெருநிலத்தின் முனையில், தொழிலாளர்களை நிறுத்திச் சோதிக்கும் முகாம் ஒன்றை இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திற்று. இந்திய மண்ணில் அயல் அரசொன்று நடத்திய நோய்த்தடுப்பு முகாம் என்பது அதன் தனித்தன்மை. வந்திறங்கியோர் குளிப்பாட்டப்பட்டனர், துணிகள் ஆவியில் வேகவைக்கப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, நோய் வெளிப்படுகிறதா என்று பார்க்கச் சில நாள் நிறுத்திவைக்கப்பட்டனர். அதன்பின் ரயிலில் தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மீண்டும் ரயிலில் மலைநாடு. உடுத்திய துணியையும் கழற்றி வாங்கிய அந்த இடத்தில், ஒருவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைச் சொல்ல அவர் உடம்பில் இருந்த வில்லையே போதுமானதாயிற்று.

தோட்டத்துக்குள் கொண்டுசேர்த்தது தகரம் என்றால், வெளியே விட வேண்டியது காகிதம். ஒரு தொழிலாளி தோட்டம் மாற விரும்பினால், அவர் தர வேண்டிய கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவார் என்று துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். மற்றொரு துரை அந்தக் கடனைச் செலுத்தி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் குறையாமல், பெரும்பாலும் கூடிய தொகையோடு, தோட்டம்விட்டுத் தோட்டம் மாறியது. 1921இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது இந்தத் துண்டு முறைதான். அடுத்து 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டமும், அதற்கேற்ப 1923இல் இலங்கையில் இயற்றப்பட்ட சட்டமும் ஆள்சேர்ப்புச் செலவைத் தோட்டங்கள் அனைத்தும் பணம் செலுத்தும் பொது நிதியின்மேல் சுமத்தின. வழிச்செலவைத் தொழிலாளியின் பற்றாக எழுதக்கூடாது என்றானபின், எந்தத் தோட்டத்துக் கணக்கில் எவருடைய செலவை எழுதுவது என்ற கேள்விக்காகப் பிறந்த வில்லை தன் முதல் காரணத்தை இழந்தது. 1939 ஆகஸ்டில் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதையே இந்திய அரசு தடைசெய்தது.

அதே கடல்வழி பின்னர் எதிர்த்திசையிலும் மக்களைக் கொண்டுவந்தது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உடன்பட்டனர். இரண்டு மாதங்களுக்குள், டிசம்பர்ப் புயலில், தனுஷ்கோடி அழிந்தது. ஆகவே தாயகம் திரும்பியோர் தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரத்திலேயே இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் பல மாவட்டங்களுக்குப் பிரிந்தனர். 1983க்குப் பின் இலங்கைத் தமிழ் அகதிகளும் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர். ரயில் நிலையத்தின் பெயரில் முகாம் என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையே ஊக்கு வைத்த பேட்ஜும் தமிழ்நாட்டில் தனக்கென இடம் பிடித்தது. கட்சி மாநாட்டுப் பந்தல்களில் தலைவர் படம் பொறித்த பேட்ஜ் விற்கப்பட்டது. 1949 முதல் டிசம்பர் 7 அன்று கடைப்பிடிக்கப்படும் கொடிநாளில் பள்ளிப் பிள்ளைகள் காகிதக் கொடியைக் குண்டூசியால் சட்டையில் குத்திக்கொண்டனர். இவை அமெரிக்க மரபின் உறவினர். இவற்றைச் சேர்ப்பவர் தாம் போற்றும் ஒருவரின் நினைவைச் சேர்க்கிறார்.

தகர டிக்கட்டும் இன்று சேகரிப்புப் பொருளே. இலங்கை நாணயங்களில் ஈடுபாடுள்ளோர் அதைத் தோட்ட டோக்கன்களின் பக்கத்தில் வைக்கின்றனர். அந்த வரிசையமைப்பு ஒரு குழப்பத்துக்கு இடந்தருகிறது. 19ஆம் நூற்றாண்டின் காப்பி டோக்கன்கள், கொழும்புக் காப்பிக் கிடங்குகளிலும் தோட்டங்களிலும் சில்லறைத் தட்டுப்பாட்டைப் போக்கக் கூலிக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவை. பின்னர் காசாக மாற்றத்தக்கவை. 1895இலேயே லோஸ்லி என்பவரால் பட்டியலிடப்பட்டவை. தகர டிக்கட் யாருக்கும் ஒரு காசும் தந்ததில்லை. எடை, உலோகம், அச்சின் நேர்த்தி என்று நாணயம் பார்க்கும் கண்ணால் அதைப் பார்த்தால் மட்டமான பொருளாகத்தான் தோன்றும். அதைப் படிக்க வேண்டிய முறை வேறு: எழுத்தைக் கொண்டு மாவட்டத்தையும், எண்ணைக் கொண்டு தோட்டத்தையும் கண்டுபிடித்து, பெர்குசன் நிறுவனம் கொழும்பில் வெளியிட்டுவந்த சிலோன் டைரக்டரியின் அந்தந்த ஆண்டுப் பதிப்போடு ஒத்துப்பார்த்தால், தோட்டத்தின் பரப்பும் பயிரும் உடைமையாளரும் தெரியவரும். ஆதலின் அதன் இடம் நாணயப் பேழையன்று. துண்டுச் சீட்டு, முகாம் பதிவேடு, கப்பல் பயணப் பட்டியல் ஆகிய குடிபெயர்வு ஆவணங்களோடு ஒரே அடுக்கில் வைக்கப்பட வேண்டியது அது.