மஞ்சள் முக்கோணம் யாருக்காக?

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள். வாசலில் ஒரு பலகை. மேலே மலையாளத்தில் 'சூக்ஷிக்குக', கீழே ஹிந்தி, அதற்கும் கீழே வங்காள எழுத்து. பக்கத்தில் கறுப்புக் கரை போட்ட மஞ்சள் முக்கோணம். எல்லாவற்றுக்கும் மேலே, சாரத்தில் கட்டித் தொங்கவிட்ட திருஷ்டி பொம்மை! நம் ஊர்க் கட்டடங்களின் ஆதி எச்சரிக்கைப் பலகை அதுதான். என்ன, அது தெருவில் போகிறவர் கண்ணுக்கானது, உள்ளே வேலை பார்ப்பவருக்கு அல்ல.

1980களிலும் 90களிலும் கேரளக் கட்டட வேலையில் வெளியூர் ஆள் என்றால் பெரும்பாலும் நம் தென் மாவட்டத்துக்காரர்கள்தான். மேஸ்திரி மலையாளத்தில் கத்தினால் புரிந்துவிடும். பலகையில் எழுதிப் போட்டால் புரியாது. காதுக்குத் தெரிந்த மொழி, கண்ணுக்குத் தெரியாது. (இங்கே குடிவந்த எல்லாருக்கும் பஸ் போர்டு முன்னால் நின்ற அனுபவம் இருக்குமே!) 2000க்குப் பிறகு வங்காளம், அசாம், ஒடிஷாவிலிருந்து வந்தவர்களுக்குக் காதுக்கும் புரியாது. அப்போது மிச்சமிருப்பது நிறம் மட்டும்தான்.

இந்த நிறக் கணக்கு எங்கே ஆரம்பித்தது என்று தேடினால், முதலில் வருவது ரயில். 1841இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ரயில் கம்பெனிகள் கூடிப் பேசியபோது சிவப்பு ஆபத்து, பச்சை எச்சரிக்கை, வெள்ளை வழி திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். வெள்ளை விளக்கு மற்ற விளக்குகளோடு குழம்பியதால் பிற்பாடு அதை விட்டுவிட்டு, பச்சைக்கு 'போகலாம்' என்ற அர்த்தம் கொடுத்தார்கள்.

தொழிற்கூடத்துக்கு நிறம் வந்தது இரண்டாம் உலகப் போரில். அமெரிக்காவில் பழைய தொழிலாளர்கள் போர்முனைக்குப் போக, இயந்திரத்தையே பார்த்திராத புதியவர்கள் ஆலைக்குள் வந்தார்கள். ஃபேபர் பிர்ரன் என்ற வண்ண ஆலோசகர், டூபான்ட் கம்பெனியோடு சேர்ந்து ஒரு நிறப் பட்டியல் தயாரித்தார். தீயணைப்புக்குச் சிவப்பு, வெட்டும் நசுக்கும் இயந்திரப் பாகங்களுக்கு ஆரஞ்சு, தடுக்கி விழும் இடங்களுக்கு மஞ்சளும் கறுப்பும், முதலுதவிக்குப் பச்சை. 1945இல் அமெரிக்காவில் இப்படியொரு நிறக் குறியீடு தேசியத் தரமாகவே வெளிவந்தது. ஆக, இடத்துக்குப் புதிதாக வந்தவனுக்காகவே உண்டான மொழி இது.

பிறகு உலகத் தரநிலை அமைப்பு நிறத்தோடு வடிவத்தையும் சேர்த்தது. செய்யாதே என்றால் குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வட்டம். ஜாக்கிரதை என்றால் மஞ்சள் முக்கோணம். செய்தே ஆகவேண்டும் என்றால் நீல வட்டம். பாதுகாப்பான வழி என்றால் பச்சைச் சதுரம் அல்லது செவ்வகம். சிலருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது, அவர்களுக்கு வடிவம் சொல்லிவிடும். நம் நாட்டில் 1980இல் ஐ.எஸ். 9457 என்ற தரநிலை இதே வழியில் வந்தது.

ஹெல்மெட் கதை வேறு. அமெரிக்காவில் 1919இல் புல்லார்டு கம்பெனி கேன்வாஸையும் பசையையும் ஆவியில் வேகவைத்து சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கெட்டித் தொப்பி செய்தது. 1933இல் ஆரம்பித்த கோல்டன் கேட் பாலத்து வேலையில் அதைக் கட்டாயமாக்கினார்கள். கீழே வலையும் கட்டினார்கள், அது 19 பேரைக் காப்பாற்றியது. அப்படியும் 11 பேர் இறந்தார்கள்.

தலையைக் காப்பாற்ற வந்த தொப்பி இங்கே பதவியைக் காட்டும் தொப்பியாகிவிட்டது. வெள்ளை இன்ஜினியருக்கு, மஞ்சள் கூலிக்கு. நீலமும் பச்சையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பலகையில் ஆபத்தைச் சொல்லும் அதே மஞ்சள், தலையில் ஏறினால் 'இவர் கூலிக்காரர்' என்கிறது. வீட்டுக்கடன் தவணை விடுவிக்குமுன் அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று பார்க்கப் போகும் எனக்குப் பளபளவென்று வெள்ளை ஹெல்மெட் கொடுப்பார்கள். நாடாவும் இருக்கும், உள்ளே தலையைத் தாங்கும் பட்டையும் இருக்கும். சாரத்தில் நிற்பவரின் மஞ்சள் ஹெல்மெட்டில் பல நேரம் இரண்டுமே இருக்காது. ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விட்டு அடியை வாங்குவதே அந்தப் பட்டைதான். அது இல்லாவிட்டால் ஹெல்மெட் வெறும் பிளாஸ்டிக் சட்டி. என் படிவத்தில் லிண்டல் முடிந்ததா என்று கேட்கிற கட்டம் உண்டு, பட்டை இருக்கிறதா என்று கேட்கிற கட்டம் கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996இல் கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1998இல் மத்திய விதிகளும் வந்தன. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலவரியும் வசூலித்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதன் இடத்துக்கு வந்துவிட்டன.

பலகையும் தொப்பியும் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிஷாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அதில் பலர். கட்டடமே சரியும்போது எந்த நிறப் பலகை காப்பாற்றும்? ஆனால் மூடாத குழி, கைப்பிடி இல்லாத விளிம்பு, தலைக்கு மேல் போகும் மின்கம்பி, இவை தினமும் இருப்பவை. மஞ்சள் முக்கோணம் இவற்றுக்குத்தான்.

சிங்கப்பூரில் கட்டட வேலைப் பலகைகளில் ஆங்கிலம், சீனம், மலாயோடு தமிழும் இருக்கும். எங்கள் தெருப் பலகையில் தமிழ் இல்லை. ஆனால் சித்தாள் வேலைக்கு வருகிற இரண்டு அக்காக்கள் தென்காசிப் பக்கம். முக்கோணத்தைக் காட்டி, இது என்னவென்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். "கரண்டு ஆபீஸ் போர்டுனு நினைச்சோம் சார்" என்றார் ஒருவர்.