ஜிப்

ஜிப் என்பது துணி, தோல், ரெக்சின் போன்றவற்றின் இரு விளிம்புகளை ஒரே இழுப்பில் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டமைப்பு. இரண்டு நாடாக்கள், அவற்றின் ஓரத்தில் வரிசையாகப் பொருத்திய பற்கள், பற்களின் மேல் ஓடும் ரன்னர் ஆகியவை இதன் முக்கிய உறுப்புகள்.

இயங்கும் முறை

உலோக ஜிப்பில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் சிறு புடைப்பும் மறுபக்கம் குழியும் உண்டு. ரன்னரை மேலே இழுக்கும்போது இரு வரிசைப் பற்களும் சாய்வாக நெருங்கி, ஒன்றின் புடைப்பு மற்றதன் குழியில் அமர்கிறது. கீழே இழுத்தால், ரன்னருக்குள் இருக்கும் ஆப்பு அவற்றைப் பிரித்துவிடும். நாள்பட்ட ரன்னரின் வாய் அகன்றுவிட்டால், இழுத்தாலும் பற்கள் சேர்வதில்லை. குறடால் அதன் ஓரங்களை மெல்ல நெரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வரலாறு

தையல் இயந்திரத்துக்குப் பெயர்பெற்ற அமெரிக்கர் எலியாஸ் ஹோவ், 1851-இல் தொடர்ச்சியாக மூடும் உடைப்பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதை விற்பனைக்குக் கொண்டுவர முனையவில்லை. 1893-இல் விட்கம்ப் ஜட்சன் காலணிகளுக்கான கொக்கிப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்று, அதை அவ்வாண்டின் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தார். வாங்குவோர் அதிகம் இல்லை. பின்னர் அவர் உடைகளுக்காக உருவாக்கிய பூட்டும் எதிர்பாராத நேரத்தில் திறந்துகொண்டு பெயரைக் கெடுத்தது.

ஜட்சன் தொடங்கிய தொழிலில் 1906-இல் சேர்ந்த கிதியோன் சுண்ட்பேக், ஸ்வீடனில் பிறந்த பொறியாளர். 1913-இல் அவர் கொக்கியை அறவே விலக்கி, குழியும் புடைப்பும் கொண்ட பற்களை அமைத்தார். அங்குலத்துக்கு நான்காக இருந்த இணைப்புகள் பத்தாகப் பெருகின. இதற்கான காப்புரிமை 1917-இல் கிடைத்தது. ஒரு பல் பிசகினாலும் வரிசை முழுவதும் கெடும் என்பதால், பற்களை ஒரே அளவில் வெட்டி நாடாவில் பொருத்தும் இயந்திரத்தையும் அவரே வடிவமைத்தார். ஹோவின் காலத்திலேயே தோன்றிய யோசனை, இந்த இயந்திரம் வந்த பிறகுதான் வணிகமாயிற்று.

பரவல்

தொடக்கத்தில் புகையிலைப் பைகளிலும் காலணிகளிலுமே ஜிப் இடம்பெற்றது. 1923-இல் குட்ரிச் நிறுவனம் தன் ரப்பர் பூட்ஸுக்கு வைத்த ‘ஜிப்பர்’ என்ற பெயர் நாளடைவில் பூட்டுக்கே நிலைத்தது. 1930-களில் எல்சா ஸ்கியாபரெல்லி பெண்களின் நாகரிக உடைகளில் ஜிப்பை வெளிப்படையாகவே தைத்தார். ஆண்களின் கால்சட்டையிலும் அது பொத்தானின் இடத்தைப் பிடித்தது. 1934-இல் டோக்கியோவில் தடாவோ யோஷிடா தொடங்கிய நிறுவனமே, இன்று உலகின் முன்னணி ஜிப் உற்பத்தியாளரான ஒய்கேகே.

ஜீன்ஸில் இன்றும் உலோகப் பற்களே வழக்கம். பைகளிலும் மெல்லிய உடைகளிலும் தனிப் பற்கள் இல்லாத நைலான் சுருள் ஜிப் பரவலாகப் பயன்படுகிறது.