சாந்துக்குள் இறங்கிய நிறம்: ஆர்மாமலை முதல் ஆத்தங்குடி வரை

வார்ப்புப் பொருளில் வண்ணம் கலக்கும் முறையின் வரலாற்றைச் சிமென்டிலிருந்து தொடங்குவது வழக்கம். தமிழகத்தில் அதைச் சுண்ணாம்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். எந்த நிறம் நிலைக்கும், எது அழியும் என்பதைச் சிமென்ட் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சுண்ணாம்பு தீர்மானித்துவிட்டது.

ஜவ்வாது மலைக்கு வடக்கே, பாலாற்று வட்டாரத்து மலையாம்பட்டில் உள்ள ஆர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்களின் எச்சங்கள் உள்ளன. சாந்தின்மேல் சுண்ணப் பூச்சு, அதன்மேல் நிறம் என்ற அடுக்குமுறையைச் சித்தன்னவாசலிலும் காணலாம். 1930களில் சென்னை அரசு அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் இத்தகைய ஓவியங்களை ஆராய்ந்து, தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் ஈரச் சுண்ணத்தின்மேல் தீட்டப்பட்டவை எனக் காட்டினார். ஈரம் காயும்போது கரைந்த சுண்ணாம்பு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கல்படலமாக இறுகுகிறது. நிறத்துகள் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. தனியாகப் பசை வேண்டியதில்லை.

ஆனால் ஈரச் சுண்ணாம்பு கடுமையான காரம். காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி ஆகியவை அதைத் தாங்கும். தாவரச் சாயங்களில் பெரும்பாலானவை தாங்கா. 18ஆம் நூற்றாண்டில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம்கூடச் சுண்ணாம்பில் பட்டால் பழுப்பாகிவிடும்.

ஜவ்வாது மலையின் தென்கிழக்கே திருவண்ணாமலையில், கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கிய 11 நிலை ராஜகோபுரம் நிற்கிறது. அடித்தளம் கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுதையில் உருவங்களைக் கையால் வனைந்து, மேலே வண்ணம் தீட்டுவது மரபு. இங்கும் நிறம் தோலோடு நின்றது. வெயிலும் மழையும் அதைக் கரைக்க, குடமுழுக்குத்தோறும் மறுபடி பூச வேண்டியதாயிற்று.

நிறம் உடலுக்குள் இறங்கியது சிமென்டோடுதான். 1824இல் இங்கிலாந்தில் போர்ட்லண்ட் சிமென்ட் காப்புரிமை பெற்றது. 1904இல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு அதைத் தயாரிக்க முயன்றார்கள். 1922இல் பம்பாயில் தொடங்கிய பாரத் புளோரிங்ஸ், சுதேசி உணர்வோடு வண்ணச் சிமென்ட் ஓடுகளைச் செய்தது. செட்டிநாட்டில் அந்தக் கலை ஆத்தங்குடியில் வேரூன்றியது.

ஆத்தங்குடிப் பட்டறையில் சூளை கிடையாது. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலைத் தகட்டுக் கட்டத்தைப் பொருத்துகிறார்கள். சிமென்டோடு நிறப்பொடி கரைத்த கூழைச் சிறு கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, கட்டத்தைக் கை நடுங்காமல் தூக்குகிறார்கள். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலப்பதில்லை. பின்னால் உலர்ந்த மணல்-சிமென்ட் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் பதப்படுத்துகிறார்கள். கண்ணாடி கழன்றதும் தெரிகிற பளபளப்பு, அந்தக் கண்ணாடியே கொடுத்தது.

இங்கும் சிவப்புக்கு இரும்பு ஆக்சைடுதான்; குகையில் இருந்த காவியின் அதே சேர்மம். சிமென்டின் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் பொடி போட்டாலும் நிறம் பெரிதாகக் கூடுவதில்லை. 10ஐத் தாண்டினால் பலம் குறையும்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. வண்ணச் சிமென்டில் சில சமயம் வெள்ளை பூத்து நிறத்தை மங்கடிக்கும். அதற்குக் காரணம் உள்ளிருந்து மேலேறிக் கல்லாகும் சுண்ணாம்பு. ஓவியத்தைக் காத்த அதே வேதிமாற்றம், வார்ப்பில் குறையாகிவிடுகிறது. நிறம் மேற்பரப்பிலிருந்து உடலுக்கு மாறியதன் விலை இது.

ஆகவே சுதைச் சிற்பத்துக்குச் சிமென்டின் வழியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்றைய பெயின்ட் அடுக்கடுக்காக ஏறி, கண்ணிமை, நகை போன்ற நுண்வேலையை மூடிவிடுகிறது. உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடுவதும் இல்லை. திருப்பணியின்போது ஒரு நிலையிலாவது, கடைசிச் சுண்ணப் பூச்சிலேயே மண்நிறங்களை அரைத்துச் சேர்த்து, அடுத்த குடமுழுக்குவரை அது எப்படி நிற்கிறது என்று பதிவு செய்யலாம்.