சுண்ணாம்புக் கம்பத்துச் செங்கல்



தீபாவளிக்கு முன் லயத்து வீட்டின் செங்கல் சுவருக்கு வெள்ளையடித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பழைய காரையைச் சுரண்டும்போது ஓரிடத்தில் கரண்டி 'டங்' என்று நிற்கும். இரண்டு முழம் தள்ளிச் சுரண்டினால் காரையோடு செங்கல்லும் சிவப்புத் தூளாகக் கொட்டும். சுவரும் ஒன்றுதான், கட்டிய நாளும் ஒன்றுதான். நாம் முதன்முதலில் பணியாற்றிய பள்ளியில் அப்படி ஒரு சுவர் இருந்தது. மழைக்காலத்தில் அதை ஒட்டிப் பிள்ளைகளை உட்கார வைக்கமாட்டோம். கட்டிக் கொடுத்தவர் கணக்கை முடித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார். சுவரோடு காலம் தள்ள வேண்டியவர்கள் நாமும் பிள்ளைகளும்தான்.

இந்தச் சங்கடம் தோட்டப்புறத்தோடு பிறந்ததன்று. வெள்ளைக்கார அரசாங்கமே தன்னுடைய கட்டடங்களுக்கு நல்ல செங்கல் கிடைக்காமல் திண்டாடிய காலம் ஒன்று உண்டு. அந்தக் கதை சிங்கப்பூரில் நடந்தது. அதில் மண் மிதித்தவர்களுள் தமிழர்களும் இருந்ததால் நாம் அதை அறிந்துகொள்ள வேண்டும்.

1826ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பெனியார் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தனர். சிங்கப்பூர் விரைவாக வளர்ந்தது. மரமும் அத்தாப்பும் போதாமல், செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அரசினர் தமக்கு வேண்டிய கல்லைத் தனியார் சூளைகளிலிருந்து விலைக்கு வாங்கினர். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

செங்கல் பார்வைக்கு எளிய பொருள். ஆனால் அதைப்போல் ஏமாற்றும் பொருளும் குறைவு. மண்ணிலிருந்து வேரும் கூழாங்கல்லும் பொறுக்க வேண்டும். தண்ணீர் விட்டு மிதித்துப் பதப்படுத்த வேண்டும். அச்சில் அறுத்த பச்சைக் கல்லை நிழலில் உலர்த்த வேண்டும். நாள்தோறும் மழை பெய்யும் ஊரில் இதுவே பெரிய பாடு. பிறகு சூளையில் அடுக்கிப் பல நாள் எரிக்க வேண்டும். விறகுக்குத்தான் பணம் கரையும். ஒருநாள் முன்னதாக நெருப்பைத் தணித்தால் ஒருநாள் விறகு மிச்சம். கல்லை எண்ணிக்கைக் கணக்கில் விற்பவருக்கு அந்த மிச்சம் முழுவதும் இலாபம்.

நேர்மையாக எரித்த சூளையிலும் எல்லாக் கல்லும் ஒன்றுபோல் வேகாது. நெருப்பை ஒட்டிய கல் உருகிக் கோணிப்போகும், ஓரத்துக் கல் அரைவேக்காடாக நிற்கும். நடுவில் இருப்பதே நல்ல கல். மூன்றையும் ஒரே வண்டியில் கலந்து அனுப்பினால் மேலே தெரிவதை வைத்து என்ன சொல்ல முடியும்? இரண்டு கல்லை மோதிப் பார்க்கலாம். நன்றாக வெந்தது மணிபோல் ஒலிக்கும், வேகாதது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். இரவு முழுவதும் தண்ணீரில் போட்டுக் காலையில் எடுத்தும் பார்க்கலாம். நம் பாட்டன்மார் ஊரில் செய்த சோதனைகள் இவை. ஆனால் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் கல்லை ஒவ்வொன்றாக யார் மோதிப் பார்ப்பது?

அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. கெட்ட கல்லைத் திருப்பி அனுப்பினால் மாற்றுக் கல் வேண்டுமே! அது இல்லையென்றால் வேலை நின்றுபோகும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுக்கும் கூலி வீணாகும். ஆகவே பொறியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்திடுவார், கல் சுவரில் ஏறும், மேலே காரை பூசப்படும். வேண்டாம் என்று சொல்ல இயலாதவர் செய்யும் சோதனையால் பயன் இல்லை என்பது நம் எண்ணம்.

1858ஆம் ஆண்டில் அரசினர் இதற்கு ஒரு வழி கண்டனர். சிராங்கூன் சாலைப் பகுதியில் அரசாங்கச் செங்கல் சூளையைத் தாமே தொடங்கினர். வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்.

இவர்கள் எப்படி அங்கே வந்தார்கள்? 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சுமத்திராவின் பெங்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. அங்கிருந்த இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் சிங்கப்பூருக்கு மாற்றினர். 1825 ஏப்ரல் 18ஆம் நாள் வந்திறங்கிய முதல் தொகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்ற எண்பது பேர். அடுத்த வாரமே வங்காளத்துக் கைதிகள் வந்தனர். பின்னர் கப்பல் கப்பலாக வந்தவர்கள் சாலை போட்டனர், சதுப்பு நிலம் தூர்த்தனர், புலாவ் ஊபின் தீவில் கருங்கல் உடைத்தனர். அந்தக் கல்லால் எழுந்ததுதான் 1855ஆம் ஆண்டின் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம். கைதிகளை மேய்க்க வெளியாட்களை வைக்காமல் அவர்களுள் நல்லொழுக்கமுள்ளவர்களையே மேலாட்களாக நியமித்தனர். அவர்களுக்குத் 'தண்டல்' என்று பெயர். தோட்டத்தில் தண்டல் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சிறை சற்றுப் பழகிய இடமாகவே தோன்றுகிறது.

சொந்தச் சூளையால் என்ன மாறியது? விறகை மிச்சப்படுத்தி இலாபம் பார்க்க ஆள் இல்லை. அரைவேக்காட்டுக் கல்லை ஒதுக்கினால் யாருக்கும் நட்டமில்லை. மண் மிதிப்பதிலிருந்து சூளை பிரிப்பதுவரை ஒரே நிருவாகத்தின் கண்ணில் நடந்தது. 1867ஆம் ஆண்டில் ஆக்ரா பொருட்காட்சியில் இந்தச் சூளையின் செங்கல்லுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

அக்காலத்தில் அவர்கள் கட்டிக்கொண்டிருந்த பெரிய கட்டடம் புனித அந்திரேயா தேவாலயம். முன்பு அதே இடத்தில் இருந்த ஆலயம் 1845லும் 1849லும் இடி விழுந்து, 1852இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. புதியதற்கு 1856இல் அடிக்கல் நாட்டினர். வரைபடம் ரொனால்ட் மெக்பர்சனுடையது. கனமான கோபுரம் எழுப்பத்தான் முதலில் எண்ணம். அடித்தளம் தாங்குமோ என்ற அச்சம் வந்ததும் இலேசான ஊசிக் கோபுரமாக மாற்றிவிட்டனர். கல் நன்றாக இருந்தாலும் மண் சம்மதிக்க வேண்டும் அல்லவா?

அதன் உட்புறத்துக்குப் பூசியது சென்னைச் சுண்ணாம்பு. மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் அடித்துக் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தனர். பூசி உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினர். சுண்ணாம்பும் செங்கல்லைப் போலத்தான்: நீற்றி வெளியில் போட்டுவைத்தால் காற்றுப்பட்டு வலுவிழக்கும். கண்ணுக்கு மட்டும் அதே வெண்மை.

இவற்றை எழுதிவைத்தவர் மெக்நாயர். கைதிகளுக்கு மேலதிகாரியாக இருந்த பொறியாளர் அவர். 1899இல் வெளிவந்த அவருடைய நூல் கைதிகளின் கைத்திறனையும் ஒழுங்கையும் வெகுவாகப் புகழ்கிறது. நாமும் அதை மறுக்கவில்லை. ஆனாலும் மேலதிகாரி எழுதிய புகழ்ச்சி என்பதை நினைவில் வைத்தே படிக்கிறோம். ஒப்பந்தக்காரரிடம் கிடைக்காத தரத்தை அரசினர் வேலையை விட்டுப் போக முடியாத மனிதரிடம் பெற்றனர். அந்தத் தரத்துக்குக் கொடுத்த விலை அரசாங்கக் கணக்கில் ஏறவில்லை.

1867 ஏப்ரல் முதல் நாள் இக்குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து இலண்டன் குடியேற்ற அலுவலகத்தின் கீழ் வந்தன. 1873இல் கைதிச் சிறை கலைக்கப்பட்டது. தண்டனை நீண்டிருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினர். மன்னிப்புப் பெற்றவர்கள் பலர் சிங்கப்பூரிலேயே தங்கிப் பிழைத்தனர். அரசாங்கக் கட்டட வேலை பொதுப்பணித் துறையிடம் போயிற்று. கூலி பேசுவதும் விலை பேசுவதும் மறுபடியும் தொடங்கின.

நேயர்களே, சிராங்கூன் சாலையை அந்தக் காலத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தனர். சுண்ணாம்புச் சூளைகள் இருந்த இடம் என்பதால் வந்த பெயர். உறவினர் வீட்டுக்கோ நகை வாங்கவோ அங்கே போகும்போது, அப்படியே தேவாலயத்துக்கும் ஒரு நடை போய், அந்த வெள்ளைத் தூண்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.